சட்டம் வளர்ந்தது, காவல் வளர்ந்ததா?

பயங்கரவாதிகள் ஓர் ஊரில் புகுந்து குற்றமற்ற ஜனங்களைக் கொன்று குவிக்கும் போதெல்லாம் நம் தேசத்தில் உடனே எழும் கூக்குரல் ஒன்றுண்டு. இருக்கிற சட்டம் போதாது, இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்பதே அது. மந்திரிகள் அதைச் சொல்லுகிறார்கள். எதிர்க்கட்சியார் அதைவிட உரக்கச் சொல்லுகிறார்கள். பத்திரிகைகளும் கூடவே பின்பாட்டுப் பாடுகின்றன. இறந்தவர்களின் சிதை ஆறாத வேளையில் ஆத்திரம் பிறப்பது இயற்கை; அதை நாம் இகழமாட்டோம். ஆயினும், ஆத்திரம் தணிந்த பிறகேனும் கேட்டே தீரவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. கொலைகாரர்கள் உள்ளே நுழைந்தது சட்டத்திலிருந்த ஓட்டை வழியாகவா, காவலிலிருந்த ஓட்டை வழியாகவா?

இதற்கு ஊகத்தினால் விடை காணவேண்டியதில்லை. மும்பை நகரம் மூன்று வருஷங்களுக்குள்ளாக இரண்டு பெரும் படுகொலைகளைக் கண்டது. ஒன்று 2006 ஜூலை 11ந் தேதி மின்சார ரயில்களில் வெடித்த குண்டுகள். மற்றொன்று 2008 நவம்பர் 26ந் தேதி இரவு கடல் வழியாக வந்த பத்துப் பேர் நடத்திய வேட்டை. இவ்விரண்டு வழக்குகளும் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தன என்று பார்த்தால் போதும். காவலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பிந்தியதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2008ல் வந்தவர்கள் கராச்சியிலிருந்து புறப்பட்டு, குஜராத் கடலில் ‘குபேர்’ என்னும் இந்திய மீன்பிடி படகைக் கைப்பற்றி, அதிலிருந்த தொழிலாளிகளைக் கொன்று, படகோட்டியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மும்பைக் கரையை நெருங்கினார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்ததும் அவரையும் கொன்றுவிட்டு, ரப்பர்ப் படகில் கொலாபாவின் மீனவர் குடியிருப்பில் இறங்கினார்கள். எதிரி கடல் வழியாக வரக்கூடும் என்றும், பெரிய ஹோட்டல்கள் குறியாக இருக்கக்கூடும் என்றும் உளவு இலாகாவினரிடமிருந்து முன்னரே எச்சரிக்கைகள் வந்திருந்தன. கடலோரப் பாதுகாப்புக்கென்று ஒரு திட்டமும் 2005லேயே வகுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. திட்டமும் காகிதத்தில் இருந்தது. கடலில் மட்டும் ஒருவரும் இல்லை. படகிலிருந்து மூட்டைகளோடு இறங்கியவர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நீங்கள் யார் என்று முதன்முதலாகக் கேட்டவர்கள் அக்குடியிருப்பு மீனவர்களே. அவர்களுக்குத் தோன்றிய சந்தேகம் இத்தனை பெரிய ராஜாங்கத்தின் இலாகாக்களுக்குத் தோன்றாமற் போனது.

அன்றிரவு சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அங்கே காவலிருந்த போலீஸாரிடம் தடிகளும் பழைய மாதிரித் துப்பாக்கிகளுமே இருந்தன. வந்தவர்களிடம் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. விஷ்ணு ஜெண்டே என்னும் ரயில்வே அறிவிப்பாளர் தம் இடத்தை விட்டு ஓடாமல், எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பலருடைய உயிரைக் காப்பாற்றினார். கொலைகாரர் இருவர் ஒரு காரைப் பறித்துக்கொண்டு போகும் செய்தி கம்பியில்லாத் தந்தி மூலம் கிர்காம் சௌபாட்டியில் நின்ற போலீஸாருக்கு எட்டியது. அங்கே துகாராம் ஓம்ப்ளே என்னும் உதவி ஸப் இன்ஸ்பெக்டர், கையில் தடியோடு ஓடி, அஜ்மல் கஸாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டார். குண்டுகள் தம் உடலில் பாய்ந்தும் பிடியை விடவில்லை. அதனால்தான் பத்துப் பேரில் ஒருவன் உயிரோடு அகப்பட்டான். அச்சதியின் முழு விவரமும் உலகத்துக்குத் தெரிந்தது அவன் அகப்பட்டதனால். ஓம்ப்ளேக்கு அசோக சக்கரம் வழங்கிச் சர்க்கார் கௌரவித்தார்கள். ஆனால் அவர் கையில் தடியை மட்டும் கொடுத்து அனுப்பியதற்கு யார் பதில் சொல்வது?

பயங்கரவாதிகளை எதிர்ப்பதற்கென்றே பழக்கப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படை அப்போது டில்லிக்கு அருகிலுள்ள மானேஸரில் மாத்திரம் இருந்தது. அவர்களை ஏற்றிச் செல்ல விமானம் சண்டீகரிலிருந்து வரவேண்டியிருந்தது. இரவு ஒன்பதரை மணி சுமாருக்குத் தொடங்கிய படுகொலையை எதிர்க்க அவர்கள் மறுநாள் காலையில்தான் களத்தில் இறங்க முடிந்தது. நவம்பர் 29ந் தேதி காலையில் யாவும் அடங்கியபோது 166 பேர் மாண்டிருந்தார்கள். மகாராஷ்டிர சர்க்கார் நியமித்த ராம் பிரதான் கமிட்டி, வந்த எச்சரிக்கைகளை ஒருமுகமாக ஆராய்ந்து நடவடிக்கை எடுக்க ஏற்பாடில்லாமற் போனதையும், நெருக்கடிக் காலத்துக்கென்று எழுதி வைத்த விதிமுறைகள் அனுசரிக்கப்படாததையும் எடுத்துக் காட்டிற்று. தண்டனை கடுமையாக இல்லாததனால் இது நேர்ந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? சாகவேண்டுமென்றே வந்தவனைத் தண்டனைச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எங்ஙனம்?

அதன்பின் ஒன்றுமே செய்யப்படவில்லை என்று நாம் சொல்லவில்லை. தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை, மும்பை, ஹைதராபாத், கல்கத்தா நகரங்களில் தளங்கள் ஏற்பட்டன. கடலோரக் காவலில் எந்தப் பொறுப்பு கடற்படைக்கு, எது கடலோரக் காவற் படைக்கு, எது ராஜ்யப் போலீஸாருக்கு என்று வரையறுக்கப்பட்டது. மீன்பிடி படகுகளைப் பதிவு செய்தும், மீனவர்களுக்கு அடையாளச் சீட்டு வழங்கியும், ஒத்திகைகள் நடத்தியும் வருகிறார்கள். பல இலாகாக்களுக்கு வரும் உளவுச் செய்திகளை ஓரிடத்தில் சேர்க்கும் நிலையம் பலப்படுத்தப்பட்டது. ராஜ்யங்களின் எல்லை கடந்த வழக்குகளைப் புலன் விசாரிக்கத் தேசியப் புலனாய்வு ஏஜென்ஸி அமைந்தது. இவை யாவும் நல்ல காரியங்கள், செய்தவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் இவற்றோடு கூடவே, ஒரு மாதத்துக்குள், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. குற்றப்பத்திரம் தாக்கல் செய்யாமலே ஒருவரை 180 நாள் வரையில் காவலில் வைக்கலாம் என்றும், போலீஸார் காட்டும் காகிதங்களைப் பார்த்த அளவில் குற்றச்சாட்டு நம்பத்தக்கதாகத் தோன்றினால் ஜாமீன் தரலாகாது என்றும் ஏற்பட்டது. படுகொலை அம்பலப்படுத்திய குறைகளுக்கும் இந்த ஷரத்துக்களுக்கும் என்ன சம்பந்தம்? படகில் வந்தவர்களுக்கு ஜாமீன் கொடுத்து விட்டுவிட்டதாகவா புகார்?

அகப்பட்ட கஸாபின் வழக்கு நடந்த விதத்தை நினைவுபடுத்துவோம். கூட்டங் கூடி அவனைக் கொன்றுவிடலாம் என்று சொன்னவர்கள் அன்று அநேகர். அவனுக்காக வாதாட வக்கீல்கள் முன்வரவும் தயங்கினார்கள். ஆயினும் அவனுக்கு வக்கீல் நியமிக்கப்பட்டார். சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். புகைப்படங்களும், டெலிபோன் சம்பாஷணைகளும், வழி காட்டும் கருவியின் பதிவுகளும், நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களும் ருஜுவாக வைக்கப்பட்டன. 2010 மே மாதம் விசாரணைக் கோர்ட்டும், 2011 பிப்ரவரியில் பம்பாய் ஹைகோர்ட்டும், 2012 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் அவனைக் குற்றவாளி என்றே தீர்மானித்தன. அவ்வருஷம் நவம்பர் 21ந் தேதி தண்டனை நிறைவேறிற்று. இதில் கவனிக்கத்தக்க மற்றொரு விஷயமுண்டு. அவனோடு கூடக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர் இருவர்மீது ருஜு போதாதென்று மூன்று கோர்ட்டுகளுமே அவர்களை அவ்வழக்கிலிருந்து விடுவித்தன. தேசமே கொதித்துக்கொண்டிருந்த வேளையில் குற்றவாளியைத் தண்டித்த கோர்ட்டு, ருஜுவாகாதவர்களை விட்டுவிட்டது. அந்தத் தண்டனையை உலகத்தில் எவரும் பழிவாங்கல் என்று சொல்லாமற் போனதற்கு இதுவே காரணம்.

இனி 2006ம் வருஷத்து வழக்கைப் பார்ப்போம். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஜனங்கள் நிறைந்த ரயில்களில், சில நிமிஷங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானவர் அங்கஹீனமானார்கள். பதின்மூன்று பேர்மீது மகாராஷ்டிரத்தின் 1999ம் வருஷத்துத் தனிச் சட்டத்தின்படி வழக்குத் தொடரப்பட்டது. போலீஸ் அதிகாரியிடம் குற்றவாளி சொன்னதாகக் காட்டப்படும் வாக்குமூலத்தைச் சாதாரணச் சட்டம் ருஜுவாக ஏற்காது. இந்தத் தனிச் சட்டமோ ஏற்கும். வழக்குக்கு முக்கிய ஆதாரமாக நின்றவற்றில் அத்தகைய வாக்குமூலங்களும் அடங்கும். 2015ல் விசாரணைக் கோர்ட்டு ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2025 ஜூலை 21ந் தேதி பம்பாய் ஹைகோர்ட்டு, அந்த வாக்குமூலங்கள் நம்பத்தக்கவையல்ல, சாட்சியம் போதவில்லை, எவ்விதமான வெடிகுண்டு உபயோகிக்கப்பட்டது என்பதைக்கூடப் பிராஸிக்யூஷன் தரப்பார் ருஜுப்படுத்தவில்லை என்று கூறி, பன்னிருவரையும் விடுதலை செய்தது. அவர்களில் ஒருவர் 2021லேயே சிறையில் இறந்துபோயிருந்தார். சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று ஜூலை 24ந் தேதி உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட்டு, விடுதலையானவர்கள் திரும்பச் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்றும் சொல்லிற்று.

பத்தொன்பது வருஷம்! ஹைகோர்ட்டின் தீர்ப்பு சரியென்றால், குற்றமற்ற பன்னிரண்டு பேர் தங்கள் வாலிபத்தைச் சிறையில் இழந்தார்கள். உண்மையான கொலைகாரர்கள் அத்தனை காலமும் வெளியில் உலாவினார்கள். தீர்ப்பு தவறென்றாலோ, கொலைகாரர்களை நிரூபிக்கப் போதிய ருஜுவைப் போலீஸார் சேகரிக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் ரயிலில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை. தனிச் சட்டத்தினால் அவர்களுக்குக் கிடைத்த லாபம் என்ன?

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் காரணம் புலப்படும். ஒன்றில் போலீஸார் ருஜுவைத் தேடிச் சேகரித்தார்கள். மற்றொன்றில் வாக்குமூலமே ருஜுவாக நிற்கும் என்று சட்டம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. காவலறையில் இருக்கும் ஒருவனைப் பேசவைப்பது எளிது. வெடிமருந்தின் துகளைப் பரிசோதிப்பதும், சாட்சியின் சொல்லை நினைவு மங்குமுன் பதிவு செய்வதும், பணம் வந்த வழியைத் தேடிப் பிடிப்பதும் கடினம். எளிய வழியைச் சட்டமே திறந்துவிட்டால், கடினமான வழியில் நடக்க யாருக்கு மனம் வரும்? தனிச் சட்டங்கள் போலீஸாருக்குப் பலம் கொடுப்பதாக நினைக்கிறோம். அவர்களுடைய தொழிற்றிறமையை அவை மெல்ல மெல்ல அரித்துவிடுகின்றன.

சாதாரணச் சட்டம் சாதாரணக் குற்றங்களுக்குத்தான். பயங்கரவாதி சாட்சி வைத்துக்கொண்டு கொல்லுவதில்லை. சாட்சி சொல்ல வருவோர் உயிருக்கு அஞ்சுகிறார்கள். அந்நிய நாட்டிலிருந்து பணமும் ஆயுதமும் வருகின்றன. ஆகையால் தனி ஏற்பாடு இன்றியமையாதது என்று சிலர் வாதிக்கிறார்கள். இவ்வாதத்தில் உண்மையுண்டு. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கவும், டெலிபோன் சம்பாஷணைகளைத் தக்க அனுமதியோடு கேட்டுப் பதிவு செய்யவும், பண நடமாட்டத்தைத் தடுக்கவும், வெளிநாட்டிலுள்ளவர்களை வரவழைக்கவும் விசேஷ அதிகாரங்கள் வேண்டுமென்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். மும்பைச் சதியில் சம்பந்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தஹாவூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து 2025 ஏப்ரலில் இந்தியாவுக்குக் கொண்டுவர முடிந்தது. அமெரிக்கக் கோர்ட்டுகளில் பல வருஷம் பொறுமையாக வழக்காடித்தான் அது நடந்தது. ருஜுவைத் தேடுவதற்கு உதவும் அதிகாரம் வேறு. ருஜுவில்லாத குறையை மூடுவதற்கு உதவும் அதிகாரம் வேறு. முன்னதைக் கேட்கட்டும், கொடுப்போம், பின்னதைக் கொடுக்கலாகாது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. விசாரணையின்றிச் சிறையில் அடைக்க அதிகாரம் கொடுத்த 1919ம் வருஷத்து ரௌலட் சட்டத்தை எதிர்த்து எழுந்த தேசம் இது. அன்றைய ஆட்சி அந்நியருடையது, இன்றைய சட்டங்கள் நம் பிரதிநிதிகள் இயற்றியவை என்னும் பேதம் பெரியதுதான். ஆனால் அதிகாரம் தன்னைத்தான் கட்டுப்படுத்திக்கொள்ளாது என்னும் உண்மை, ஆள்பவர் நம்மவரானதும் மாறிவிடவில்லை. 1985ல் ஏற்பட்ட தடாச் சட்டத்தின் கீழ் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். தண்டனை பெற்றவர் மிகச் சொற்பம். 1995ல் அது காலாவதியாக விடப்பட்டது. 2002ல் வந்த பொடாச் சட்டம் 2004ல் ரத்தாயிற்று. அச்சட்டத்தின் கீழ் அக்ஷர்தாம் கோயில் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அவர்களில் மூவருக்கு விதிக்கப்பட்டிருந்தது மரண தண்டனை.

தமிழ்நாட்டிலும் இதே அனுபவந்தான். 1991 மே 21ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, கொலைகாரி மாலையோடு அவருக்கு முன்னால் வந்து நிற்கும்படி காவல் தளர்ந்திருந்தது; பாதுகாப்பில் நேர்ந்த குறைகளை வர்மா கமிஷன் விவரித்தது. பின்னர் தடாக் கோர்ட்டு 1998ல் இருபத்தாறு பேருக்கும் ஒருங்கே மரண தண்டனை விதித்தது. மறு வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, தடாச் சட்டம் இவ்வழக்குக்குப் பொருந்தாது என்று கூறிப் பத்தொன்பது பேரை விடுதலை செய்தது. நால்வருக்கே மரண தண்டனையை உறுதிப்படுத்திற்று. மேடையருகே அன்றிரவு இருந்திருக்க வேண்டிய கண்டிப்பு அங்கே இல்லை. ஏழு வருஷம் கழித்துத் தீர்ப்பில் அது அளவு கடந்து காணப்பட்டது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதென்றால் இதுதான்.

தடாவும் பொடாவும் போயின. அவற்றின் ஷரத்துக்கள் பல, நிரந்தரச் சட்டமாகிய சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன. முந்திய இரண்டுக்கும் காலவரம்பு இருந்தது. பார்லிமெண்டு அவற்றை அவ்வப்போது எடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. இதற்கு அந்த வரம்புமில்லை. விசாரணையே தொடங்காமல் வருஷக்கணக்கில் சிறையிலிருப்பவருக்கு, இச்சட்டம் தடுத்தாலும், ஜாமீன் தரக் கோர்ட்டுகளுக்கு அதிகாரமுண்டென்று 2021ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல நேர்ந்தது. அப்படிச் சொல்லவேண்டி வந்ததே நிலைமையைக் காட்டும்.

பாதுகாப்புக்கு மூலபலம் ஜனங்களின் நம்பிக்கை. 2025 ஏப்ரல் 22ந் தேதி காஷ்மீரில் பஹல்காமை அடுத்த பைஸரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். யாத்திரிகர் திரளாகக் கூடும் அவ்விடத்தில் அன்று காவல் இல்லை. யாத்திரிகர்களைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தவர்களில் அவ்வூர்க் குதிரைக்காரர் ஒருவரும் உண்டு. அவரும் கொலாபாவின் மீனவர்களும் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள். பயங்கரவாதி எங்கே இறங்கினாலும் முதலில் அவனைக் காணப்போவது இவர்கள்தான். கண்டதை வந்து சொல்லுவதற்கு இவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன்மீது நம்பிக்கை வேண்டும். சொல்லப் போனால் தன் மகனையே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று ஒருவன் அஞ்சினால் வாயைத் திறப்பானா? குற்றமற்றவர் ஒருவரைப் பத்து வருஷம் அடைத்து வைப்பதனால் ஒரு தெருவே வாயடைத்துப் போகிறது. அந்த மௌனத்தில்தான் சதிகாரன் குடியிருக்கிறான்.

பத்திரிகைகளுக்கும் டெலிவிஷனுக்கும் உள்ள பொறுப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மும்பையில் கமாண்டோக்கள் எங்கே நிற்கிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்பதை டெலிவிஷன் நிலையங்கள் அந்தந்த நிமிஷமே காட்டின. எல்லைக்கப்பால் இருந்து ஏவியவர்கள் அதைப் பார்த்துக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்கள். கஸாப் வழக்கின் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015ல் இதற்குத் தடைவிதியும் ஏற்பட்டது. விதி வந்த பின்னும் ஆசை போகவில்லை என்பதை நாம் அறிவோம்.

ஆகவே செய்யத்தக்கவை எவை? கடற்கரையிலும் ரயில் நிலையத்திலும் நிற்கும் சாதாரணப் போலீஸ்காரருக்குத் தக்க ஆயுதமும், பழக்கமும், ஆள்பலமும் முதலில் வேண்டும். கமாண்டோப் படை எத்தனை விரைவாக வந்தாலும் முதல் அரைமணி நேரம் அவருடையதே. இரண்டாவதாக, ஓர் எச்சரிக்கை வந்தால் அது யாரிடம் சேர்ந்தது, அவர் என்ன செய்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அனர்த்தம் நேர்ந்த பிறகு அதைப் பார்லிமெண்டின் கமிட்டியொன்று பார்வையிட வேண்டும். மூன்றாவதாக, தடயப் பரிசோதனைச் சாலைகளுக்குப் பணமும் நிபுணர்களும் தாராளமாக அளிக்கப்பட வேண்டும். நான்காவதாக, இவ்வழக்குகள் நாள்தோறும் நடந்து இரண்டொரு வருஷத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் ஜாமீன் தருவது விதியாக வேண்டும். ஐந்தாவதாக, நெடுங்காலம் சிறையிலிருந்து குற்றமற்றவரென்று விடுதலையானவருக்கு நஷ்டஈடு தருவதோடு, அவ்வழக்கை மறுபடி புதிதாகப் புலன் விசாரிப்பதும் கட்டாயமாக வேண்டும். கடைசியாக, விசேஷச் சட்டம் எதுவாயினும் அதற்குக் காலவரம்பு வேண்டும். வரம்பு முடியும்போது, எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர்மீது குற்றம் ருஜுவாயிற்று என்ற கணக்கைச் சர்க்கார் சபை முன் வைத்த பிறகே அது நீடிக்கப்பட வேண்டும்.

பொது ஊழியம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை எங்கேனும் விபரீதம் நேரும்போது, புதிய சட்டம் கேட்டு எழும் கூச்சலில் கலந்துகொள்ளுமுன், காவல் எந்த இடத்தில் அறுந்தது என்று கேளுங்கள். விடை வரும்வரையில் கேட்டுக்கொண்டேயிருங்கள். அப்படிக் கேட்பது தேசத்துரோகமென்று சொல்லுவோர் இருப்பார்கள். சர்க்காரின் அஜாக்கிரதையை மூடி மறைப்பது எந்த வகையில் தேசபக்தியாகும் என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்போம். ரயிலில் மாண்டவர்களுக்கு இந்தத் தேசம் இன்னமும் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அக்கடனைப் புதிய சட்டங்களைக் கொண்டு அடைக்க முடியாது. திறமையான காவலும், நிரூபணமான குற்றமும், காலத்தில் கிடைக்கும் தீர்ப்பும் கொண்டே அடைக்க முடியும். இதைச் சர்க்கார் உணர்ந்து காரியத்தில் இறங்குவார்களென்று எதிர்பார்க்கிறோம்.